மரத்தைக் கேட்டால் தெரியும்

அந்தத் தெருவில் எல்லோரும் அவளை ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்களுக்கு ஏணி அக்கா. அவள் நெட்டையும் இல்லை, ஒல்லியும் இல்லை. தோளில் எப்போது பார்த்தாலும் ஒரு மடக்கு ஏணியை மாட்டிக்கொண்டு போவதால் வந்த பெயர் அது. முதலில் கேலியாகத்தான் வைத்தார்கள். அவள் முகம் சுளிப்பாள், நாலு வார்த்தை திட்டுவாள், பொழுது போகும் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்து போனார்கள். அவளே கடைக்குப் போன் போட்டு, "ஏணி பேசுறேன், ரெண்டு கட்டு வயர் எடுத்து வைங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அதோடு கேலி செத்துப்போய் வெறும் பெயர் மிச்சமானது.

அவள் வயரிங் வேலை செய்கிறவள். ஒரு மின் ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கத்தான் முதலில் போனாள். ஒருநாள் அங்கேயே நடந்த வயரிங் வேலைக்கு ஆள் குறைந்தது. மேலே நின்ற மேஸ்திரி கத்திக் கத்திப் பார்த்துவிட்டு, வயரின் மறுமுனையைப் பிடிக்க யாருமே இல்லையா என்று அலுத்துக்கொண்டார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் ஏறினாள். ஏறியவள் இறங்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைக்கு அந்த வட்டாரத்தில் பாதி வீட்டு விளக்குகள் அவள் கை பட்டு எரிகிறவை.

நடுவில் கல்யாணம் என்று ஒன்று நடந்தது. ஒரு வருஷம் கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. புருஷன் வீட்டில் ஒரு மத்தியானம் மின்விசிறி நின்றுபோனது. வீட்டு ஆண்கள் பனியனோடு வியர்வையில் ஊறிக்கொண்டு, ஆள் வரச் சொல்லியிருக்கிறோம் என்று கௌரவமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, கருகிப்போயிருந்த இணைப்பை வெட்டி ஒட்டி, விசிறியை ஓட விட்டாள். அதற்கப்புறம் ஒரு வாரம் அந்த வீட்டில் ஒருவரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் ஓட விட்ட விசிறிக் காற்றில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டேதான் பேசாமல் இருந்தார்கள். இனிமேல் ஏணிப் பக்கமே போகக் கூடாது என்று புருஷன் சொன்ன அன்று, கருவிப் பையை எடுத்துத் தோளில் போட்டாள். துணிமணியைக்கூட மறுநாள்தான் ஆள் அனுப்பி வாங்கினாள்.

அப்பா கதவைத் திறந்தார். எதுவும் கேட்கவில்லை. "மேல ரூம் உன்னோடது" என்றார். அவ்வளவுதான். எழுதிக் கொடுக்கவில்லை, ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றிருந்த தம்பிதான் அந்த வார்த்தைக்கு ஒரே சாட்சி. அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. தம்பியோ பிறவியிலேயே ஊமைக்கோட்டான். நல்லவன்தான். ஆனால் ஒரு விஷயத்துக்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்வதற்குள் கேட்டவர் கிளம்பிப் போயிருப்பார்.

மேல் அறை என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். படிக்கட்டு ஏறி மொட்டைமாடிக்குப் போகிற வழியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருக்கும் அறை. ஒரே ஜன்னல். அதற்கு எதிரிலும் அடுத்த வீட்டுச் சுவர். வெயில் எட்டிப் பார்த்ததே கிடையாது. தொட்டியில் எங்கோ ஒரு விரிசல். அது வழியாகத் தண்ணீர் கசிந்து ஒரு பக்கச் சுவர் எப்போதும் ஈரமாகவே இருக்கும். மெத்தையை அந்தப் பக்கம் போட முடியாது, துணியை மாட்ட முடியாது. வந்த முதல் வேலையாகத் தன் அறைக்குத் தனி மீட்டர் வைத்துக்கொண்டாள். ஒரு மூலையில் அடுப்பையும் வைத்தாள். நாளைக்கு ஒருத்தர் வாயில் ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்பது அவள் கணக்கு. சொல் வருகிறவர்கள் வாயில் அது வராமல் போகாது என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

செடி வந்தது ஒரு பல் மருத்துவமனையிலிருந்து. காத்திருக்கும் அறையில் விளக்கு மாற்றப் போனவளின் தலையில் ஏதோ இடித்தது. நிமிர்ந்து பார்த்தால், கூரையிலிருந்து ஒரு பச்சைச் சடை தொங்கிக்கொண்டிருந்தது. இலை இல்லை, முள் இல்லை, பூவும் இல்லை. நூல் நூலாக, கிளைத்துக் கிளைத்து இறங்கும் தண்டுகள் மட்டும். பல் பிடுங்க வந்தவர்கள் எல்லோரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது என்ன என்று கேட்டதற்கு, "கள்ளி வகைதான்" என்று சொல்லி நர்சம்மா ஒரு துண்டைக் கிள்ளிக் கொடுத்தாள்.

கள்ளி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று உலகத்தில் எல்லோருக்கும் தெரியுமே. அவளுக்கும் தெரிந்திருந்தது. கொஞ்சம் மணலை வாரி ஒரு டப்பாவில் போட்டு, துண்டை நட்டு, மொட்டைமாடியில் நல்ல வெயிலாகப் பார்த்து வைத்தாள். தண்ணீர் ஊற்றவில்லை. பாலைவனத்தில் யார் ஊற்றினார்கள் என்று சொல்லிக்கொண்டாள். பத்து நாளில் பச்சை சிவப்பாகி, சிவப்பு பழுப்பாகி, தண்டு சுருங்கி நூலாகிவிட்டது. எரிச்சலில் அதைப் பிடுங்கி, அறைக்கு வெளியே தொட்டிக்கு அடியில் இருந்த இடுக்கில் வீசினாள். அங்கே மக்கிப்போன ஒரு பலகை கிடந்தது. அதன்மேல் விழுந்தது அது.

பிறகு அதை அவள் மறந்தே போனாள். மழைக்காலம் முடிந்து ஒருநாள் வால்வைச் சரிபார்க்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பலகையைக் கவ்விக்கொண்டு அந்தச் செத்த துண்டு கொத்தாகத் துளிர்த்திருந்தது. மேலே தொட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஈரம், சுற்றிலும் நிழல், அடியில் மண் என்று ஒரு பிடிகூட இல்லை. அவள் பார்த்துப் பார்த்துச் செய்தது அதைக் கொன்றது. குப்பை என்று எறிந்த இடம் அதைப் பிழைக்க வைத்திருந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, ஊருக்கு வெளியே இருந்த ஒரு நாற்றுப்பண்ணைக்குப் போனாள். பண்ணைக்காரர் துண்டைப் பார்த்ததும் சிரித்தார்.

"இது பாலைவனத்துக் கள்ளி இல்லம்மா. காட்டுக் கள்ளி. பெரிய மரங்களோட கிளை இடுக்குல உட்கார்ந்து வளரும். அங்க வெயில் நேரா விழாது. மழையும் பனியும் மட்டும் வந்து விழும்."

"மரத்துமேலயா? அப்ப மரத்தை உறிஞ்சிக்கிட்டுதான் வாழுதா?"

"அதுதான் இல்ல. மரம் அதுக்கு வெறும் உட்கார இடம். மரத்துக்குள்ள வேரே போகாது. அங்க வந்து தங்குற குப்பை, உதிர்ந்த எலை, மழைத் தண்ணி, இதுல தன் பாட்டைப் பார்த்துக்கும். மரத்துக்கு ஒரு காசு செலவு இல்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் இரண்டு தடவை கேட்டும் டிக்கெட் எடுக்க மறந்தாள். யாரோ தன்னைப் பற்றி, தனக்குத் தெரியாமல், நியாயமாக நாலு வார்த்தை பேசியதைக் காதால் கேட்டுவிட்டது போலிருந்தது அவளுக்கு. மடியில் புதிதாக வாங்கிய இரண்டு துண்டுகள் இருந்தன.

அன்றிலிருந்து அந்த அறை வேறு அறையானது. கழற்றிப் போட்ட பழைய மின்விசிறிகளில் கூரைக் கொக்கியை மூடும் கிண்ணங்களைக் கொண்டுவந்தாள். நடுவில் ஓட்டை தயாராக இருக்கும், தண்ணீர் தேங்காது. அதில் மரப்பட்டைத் துண்டு, கரி, காய்ந்த இலை போட்டு நட்டாள். மிச்ச வயரில் சுருக்குப் போட்டுக் கூரைக் கொக்கியில் தொங்கவிட்டாள். ஈரச் சுவர் பக்கம் எதையும் வைக்க முடியாமல் இருந்ததே, அங்கே செடிகள் வரிசையாக ஏறின. வெட்டிய துண்டை உடனே நடக் கூடாது, காயம் காய்ந்த பிறகுதான் நட வேண்டும் என்று கற்றுக்கொண்டாள். பெரிய தொட்டியில் வைத்தால் சோம்பிக் கிடக்கும், வேர் நெருக்கியடித்தால்தான் பூக்கும் என்றும் தெரிந்துகொண்டாள். "நம்ம ஜாதிதான்" என்று அவற்றைப் பார்த்துச் சொல்லிக்கொள்வாள்.

அவற்றுக்குப் பார்த்த மாதிரி பெயரும் வைத்தாள். முதலில் வந்தது, வெள்ளையாகச் சின்னச் சின்னப் பழம் வைப்பது, சடை. இரண்டு பக்கமும் வெட்டு வெட்டாக இருப்பது மீன்முள். துண்டு துண்டாகக் கோத்துக்கொண்டு வளைவது நண்டுக்கால். நண்டுக்கால் வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு கால் நுனியிலும் மொட்டு வைக்கும். பிறகு அறை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூக்கும். ஆனால் அதற்கு ஒரு கிறுக்கு உண்டு. மொட்டு வைத்தபின் இடம் மாற்றினால், வெளிச்சம் மாறினால், கோபித்துக்கொண்டு மொட்டை எல்லாம் உதிர்த்துவிடும். திருப்பி வைத்தால்கூடப் பொறுக்காது. அதனால் அந்த நாட்களில் அவள் அதைச் சுற்றிக்கொண்டு நடப்பாள்.

கீழ் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். தம்பி மனைவியிடம் அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "சரிங்க அண்ணி" என்பாள் அவள். கேட்டுக்கொண்டாள் என்று அர்த்தம் இல்லை, பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

தண்ணீர்த் தொட்டிக் கசிவை அடைக்கத் தம்பி ஒருமுறை ஆள் கூட்டிவந்தான். அவள் வாசலில் குறுக்கே நின்றாள். "வேணாம், ஒழுகட்டும்" என்றாள். ஒழுகும் கூரைக்கு வக்காலத்து வாங்கிய முதல் ஆள் இவளாகத்தான் இருக்கும் என்று கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

இப்படி இருக்கும்போதுதான் சகலை வந்து சேர்ந்தார். தம்பி மனைவியின் அக்கா புருஷன். வேலை மாற்றலாகி வந்திருக்கிறார், குடும்பத்தை அழைத்துவரச் சில மாதங்கள் ஆகும், அதுவரை இங்கே இருப்பார் என்று ஏற்பாடு. இரண்டு பெரிய பெட்டிகளோடு இறங்கினார். தப்பா எடுத்துக்காதீங்க என்று ஆரம்பிக்காமல் அவருக்குப் பேச வராது. அதைச் சொல்லிவிட்டால் பிறகு எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது அவர் சட்டம். சாப்பாடு கீழ் வீட்டில், துவைப்பது கீழ் வீட்டில், செய்தித்தாள்கூட முதலில் அவருக்கு. வந்த மூன்றாம் நாளே நாற்காலி ஒன்று அவருடையதாகிவிட்டது.

வீட்டில் காலியாக இருந்தது வாசல் பக்கத்து அறை. மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் அதில் உட்கார்ந்தால் மனிதன் அப்பளம்தான். சகலை ஓர் இரவு படுத்துவிட்டு, மறுநாள் மாடிக்கு ஒரு நடை போய் வந்தார்.

"மேல ரூம் ஜில்லுன்னு இருக்கே" என்றார்.

அன்று மாலை தம்பி மனைவி ஏறி வந்தாள். நெஞ்சில் கெட்டது இல்லாதவள். அக்கா புருஷன் முன்னால் தன் வீட்டு மானம் போய்விடக் கூடாதே என்ற பயம் மட்டும்தான்.

"அண்ணி, நீங்க கீழ வாசல் ரூமுக்கு வந்துடுங்களேன். கொஞ்ச மாசம்தான். படி ஏறி இறங்க வேணாம் பாருங்க, உங்க முட்டிக்கும் நல்லது."

"என் முட்டியைப் பத்தி எனக்கே இப்பதான் தெரியுது."

"உங்க செடிக்கும் நல்லதுதானே. கள்ளிக்கு வெயில்தான வேணும். அங்க நல்லா வெயில் வரும்."

"இது வெயில் கள்ளி இல்லம்மா. நூறு தடவை சொல்லிட்டேன். அதோட நண்டுக்கால் மொட்டு வச்சிருக்கு. இப்ப அசைக்கவே கூடாது. நானும் அசையறதா இல்ல."

"சரிங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவது அந்த வீட்டு வழக்கம். அன்றைக்கு மட்டும் அவள் தன் பாத்திரத்தில் ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு கீழே போவாள். சாப்பாட்டின் நடுவில் சகலை தொண்டையைச் செருமினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மேல உங்க ரூம் வாசல்ல ஒண்ணு தொங்குதே, வெள்ளை வெள்ளையா சின்னப் பழத்தோட, அது புல்லுருவிதானே? எங்க ஆபீஸ் மரத்துல இப்படித்தான் ஒண்ணு வந்து உட்கார்ந்துச்சு. மரத்தையே காலி பண்ணிடுச்சு." கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "ஒரு வீட்டுக்கு ஒரு புல்லுருவி போதும்னு யோசிச்சேன்."

தம்பி மனைவி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தண்ணீர்ச் சொம்பைத் தேடினாள். ஏணி சாப்பிடுவதை நிறுத்தவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"புல்லுருவின்னா மரத்துக்குள்ள வேரை விட்டு, அது சாறைக் குடிச்சு வாழும். என் செடி மரத்துமேல உட்காரும், அவ்வளவுதான். தன் சோத்தைத் தானே தேடிக்கும். பார்க்க ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்." தட்டை ஓரமாகத் தள்ளினாள். "எது எதுன்னு தெரியணும்னா நீங்க என்னைக் கேட்கக் கூடாது. மரத்தைக் கேட்கணும்."

சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். சகலையும் பார்த்தார். தம்பி மனைவியும் பார்த்தாள். மரம் தலையைக் குனிந்துகொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் உப்பு எடுத்துப் போட்டுக்கொண்டது.

அவள் எழுந்து தன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். கோபம் சகலைமேல் இல்லை. அவர் யார், வழிப்போக்கர். அப்பா சொன்ன வார்த்தை இருந்த இடம் தம்பியின் வாய் ஒன்றுதான். அது திறக்காவிட்டால் அந்த வார்த்தை இருந்ததற்கே அடையாளம் இல்லை. அறை போனால் வேறு அறை பார்த்துக்கொள்ளலாம், அவளுக்குத் துப்பு இருக்கிறது. ஆனால் அவளே கிளம்பி வந்தபோதும், ஒரு வீட்டிலிருந்து வெளியே தள்ளப்பட்டவள் என்று ஏற்கெனவே அவளைப் பேசிவிட்டார்கள். இரண்டாம் முறையும் அந்தப் பெயரோடு படி இறங்க அவள் தயாராக இல்லை.

அந்த வாரம் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் வேலை. வெள்ளிக்கிழமை சீக்கிரமே முடிந்தது. சூரியன் இன்னும் உச்சியிலிருந்து முழுதாக இறங்காத நேரம், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தாள். வந்தவள் கேட்டைத் திறக்காமல் நின்றாள்.

வாசல் பக்கத்து மதில்மேல் அவள் செடிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சடை, மீன்முள், நண்டுக்கால், ஒன்று விடாமல். யாரோ அக்கறையாக ஒரே இடைவெளி விட்டு, அழகுக்காக உயரப்படி அடுக்கியிருந்தார்கள். நேர் வெயில் அவற்றின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. சிமெண்ட் மதில் கை வைத்தால் சுட்டது. காலையிலேயே கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். சடையின் பாதித் தண்டுகள் செம்பு வயர் நிறத்துக்கு வந்திருந்தன. மீன்முள்ளில் வெந்துபோன வெள்ளைத் திட்டுகள். நண்டுக்காலின் கீழே மதில்மேலும் மண்ணிலும் இளஞ்சிவப்பாக மொட்டுகள் சிதறிக் கிடந்தன. தூக்கி இறக்கும்போதே பாதி உதிர்ந்திருக்கும். அவள் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இன்னும் இரண்டு நாளில் விரிந்திருக்க வேண்டியது.

தம்பி மனைவி உள்ளே இருந்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"வந்துட்டீங்களா அண்ணி. உங்களுக்கு வேலை வைக்க வேணாம்னு எல்லாத்தையும் நாங்களே இறக்கிட்டோம். உங்க கட்டில், அடுப்பு எல்லாம் வாசல் ரூம்ல போட்டாச்சு. செடியைப் பாருங்க, இத்தனை நாள் இருட்டுல கிடந்ததுக்கு இப்பதான் வெயில் பார்க்குது. தண்ணிகூட ஊத்தல, கள்ளிக்கு ஆகாதுன்னு."

அவள் கையில் இருந்த மொட்டைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு மெல்லக் கழன்றது.

ஏணிக்கு ஒரு நிமிஷம் தன்னுடைய பழைய மணல் டப்பா ஞாபகம் வந்தது. இதே தப்பை அவளும் செய்திருக்கிறாள். ஆனால் தன் செடியில் செய்தாள், அடுத்தவள் செடியில் இல்லை. அழுகை வந்தது. அதை வர விடவில்லை. அதற்கெல்லாம் இப்போது நேரம் இல்லை.

ஏணியை மதிலில் சாய்த்தாள். இரண்டு கையிலும் இரண்டு செடிகளைத் தூக்கினாள். படி ஏறினாள்.

மேல் அறையில், அன்று லீவு போட்டிருந்த சகலை அவள் ஜன்னலோரத்தில் தன் நாற்காலியைப் போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கூரைக் கொக்கிகளில் அவர் சட்டைகள் தொங்கின. அவள் செடிகளைத் தரையில் வைத்தாள். ஒரு சட்டையைக் கழற்றி மடித்து அவர் மடியில் வைத்தாள். அந்தக் கொக்கியில் சடையை மாட்டினாள். அடுத்த சட்டையைக் கழற்றினாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க..."

"தப்பாத்தான் எடுத்துக்கிறேன். இதை வேற எப்படி எடுத்துக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

திரும்பக் கீழே போனாள், இன்னும் இரண்டைத் தூக்கிவந்தாள். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் சும்மா இறங்கவில்லை. அவர் சாமான் ஒன்று அவளோடு இறங்கியது. முதலில் செருப்பு. பிறகு ஷேவிங் சாமான். பிறகு ஒரு பெட்டி. கனமாகத்தான் இருந்தது. ஆனால் வயர்க் கட்டு சுமந்த தோளுக்கு அது ஒரு பொருட்டில்லை. பெட்டியை எடுத்து வாசல் அறையில், நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்தாள். கீழே நின்ற தம்பி மனைவி, "அண்ணி, அக்கம்பக்கம் பார்க்கிறாங்க" என்றாள்.

"பார்க்கட்டும். காலையில இறக்கினப்பவும் பார்த்திருப்பாங்க. கணக்கு நேராகும்."

இரண்டாவது பெட்டியை அவள் தூக்கும்போது தம்பி மத்தியானச் சாப்பாட்டுக்காக வேலையிலிருந்து வந்து சேர்ந்தான். கையில் பையோடு படிக்கட்டின் அடியில் நின்றான். மேலே சகலை, கையில் சட்டைக் குவியலோடு, படியின் தலைப்பில் வந்து நின்றார். நடுவில் அவள், பெட்டியோடு.

"நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் சகலை. "உங்க வீட்டுக்கு வந்த ஆளுக்கு நடக்குற மரியாதையைப் பாருங்க. இந்த வீட்டுல யாரு சொல்றது நடக்கும்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா நான் கேட்டுக்கிறேன்."

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் பெட்டியை இறக்கி வைக்கவில்லை, நகரவும் இல்லை. கெஞ்சுகிற பார்வை அவளிடம் இல்லை. நீ என்ன சொன்னாலும் நான் ஏறத்தான் போகிறேன், ஆனால் நீ என்ன சொல்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்ற பார்வை. அவன் குனிந்தான். அவன் ஒரு கால் வைத்திருந்த முதல் படியில் இளஞ்சிவப்பாக ஒரு மொட்டு நசுங்கிக் கிடந்தது. அதன்மேல் செருப்புத் தடம் இருந்தது. அது தன் செருப்பு என்று அவனுக்குத் தெரிந்ததோ என்னவோ, காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"மேல ரூம் அக்காவோடது" என்றான். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக, "அப்பா குடுத்தது. நான் பக்கத்துல இருந்தேன். நீங்க வாசல் ரூம்ல இருங்க, இல்ல வேற இடம் பாருங்க" என்றான்.

இத்தனை நீளமாக அவன் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. சகலை தப்பா என்று ஆரம்பித்து, சட்டைக் குவியலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஏணி படி இறங்கிவந்து பெட்டியைத் தம்பியின் கையில் கொடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கட்டிப்பிடித்து அழ வேண்டிய இடம் என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள்.

"இந்த ஒரு வார்த்தையை உன் வாயிலேர்ந்து எடுக்க எத்தனை மொட்டு உதிர வேண்டியிருக்குடா" என்றாள். "கொண்டுபோய் வாசல் ரூம்ல வை."

அவன் கொண்டுபோய் வைத்தான்.

நண்டுக்கால் அந்த வருஷம் பூக்கவில்லை. ஒட்டிக்கொண்டிருந்த கடைசி மொட்டுகளையும் அடுத்த சில நாட்களில் உதிர்த்துவிட்டு அமைதியானது. மீன்முள்ளின் வெந்த திட்டுகள் பழுப்புத் தழும்பாகக் காய்ந்தன. பார்த்தவர்கள் எல்லோரும் அந்தப் பாகத்தை வெட்டிவிடச் சொன்னார்கள். அவள் வெட்டவில்லை. "எதுக்கு? யாரு பண்ணினதுன்னு எல்லாரும் பார்த்துட்டுப் போகட்டும்" என்றாள்.

சடையை மட்டும் அவள் அறைக்குள் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை டிரில்லரை எடுத்துக்கொண்டு படிக்கட்டின் திருப்பத்துக்கு வந்தாள். மேலும் ஏறாமல் கீழும் இறங்காமல் நிற்கும் அந்தச் சின்னத் தளத்தில், வெயில் வராத மூலையாகப் பார்த்து, கூரையில் ஓட்டை போட்டுக் கொக்கி அடித்தாள். சத்தம் கேட்டுக் கீழ் வீடே வந்து நின்றது. மேற்கு அறையில் வேர்த்து விறுவிறுத்துக் கிடந்த சகலையும் துண்டோடு வந்து எட்டிப் பார்த்தார்.

மொட்டைமாடிக்கு வேறு வழி கிடையாது. துணி காயப்போடுகிறவர்கள், காற்று வாங்கப் போகிறவர்கள், போனில் சத்தமாகப் பேசப் போகிறவர்கள், எல்லோரும் அந்தத் திருப்பத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பாதி சிவந்தும் பாதி பச்சையுமாகச் சடை அங்கே முழு நீளத்துக்குத் தொங்கியது. சிவந்த தண்டுகளின் கணுவிலும் அதன் சின்னச் சின்ன வெள்ளைப் பழங்கள் திரண்டிருந்தன, வெயில் என்று ஒன்று நடந்ததே தெரியாதது போல.

தம்பி மனைவி துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அளந்து பார்த்தாள்.

"அண்ணி, கொஞ்சம் மேல ஏத்திக் கட்டலாமே. இப்படித் தொங்கினா எல்லாரும் தலையைக் குனிஞ்சுதான் போகணும்."

ஏணி கடைசித் திருகை முறுக்கிவிட்டு இறங்கினாள். ஏணியை மடக்கித் தோளில் போட்டாள். சகலை நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா" என்றாள். "அதுக்காக அளந்துதான் கட்டினேன்."